தெளிய ஒரு வாரம்

என் வீட்டுக்காரர் எந்த பாட்டிலையும் குலுக்காமல் திறந்ததில்லை. மருந்துக் கடை வைத்து முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. இருமல் மருந்தோ வயிற்றுவலி மருந்தோ, அலமாரியிலிருந்து எடுத்தவுடன் மூன்று குலுக்கு, தலைகீழாக ஒரு கவிழ்ப்பு, அதற்குப் பிறகுதான் வாங்க வந்தவர் கையில் கொடுப்பார். வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை, செய்து காட்டினால்தான் பதியும் என்பது அவர் கட்சி. அந்தப் பழக்கம் கடையோடு நிற்காமல் மாடிப்படி ஏறி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பால், எண்ணெய், ஷாம்பு எதையும் விடமாட்டார். ஒருமுறை சோடாவைக் குலுக்கித் திறந்து, மகளைப் பார்க்க வந்த பள்ளித் தோழிகள் நாலு பேரையும் குளிப்பாட்டி அனுப்பினார். தெருவில் அவருக்கு 'குலுக்கல் ஐயா' என்றுதான் பெயர்.

நானும் அதே கடையில்தான் நிற்கிறேன். அவர் மருந்து எடுப்பார், நான் கேள்வி கேட்பேன். யாருக்குக் காய்ச்சல், எத்தனை நாளாக, டாக்டரிடம் காட்டினாயா, ஏன் காட்டவில்லை. கேள்வி கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்க என் கை வராது. ஆனால் என் தம்பியிடம் மட்டும் ஒரே ஒரு கேள்வியை முப்பத்தொரு வருஷமாக நான் கேட்டதில்லை. ஒருமுறை கேட்டு அனுபவித்தது போதும்.

அப்போது அவனுக்கு இருபத்து நாலு வயது. வேலை தேடிக்கொண்டு எட்டு மாதம் எங்களோடு இருந்தான். கடைக்கு மேலே இரண்டே அறை, கைக்குழந்தை, எனக்குத் தூக்கமில்லை. ஒரு நாள் காலையில் குழந்தை வீறிட்டு அழுகிறது, அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, இவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரில் வேலை விளம்பரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். "இன்னும் எத்தனை நாள் இங்க இருக்கறதா உத்தேசம்?" என்று கேட்டுவிட்டேன். வாய் தவறி வந்த வார்த்தை. பாலைத் துடைத்து முடிப்பதற்குள் நான் அதை மறந்தும் போனேன். மறுநாள் காலையில் பேப்பர் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் இல்லை.

எங்கேயோ ஒரு பெரிய ஹோட்டலில் தட்டு துடைக்கச் சேர்ந்தான். பிறகு அங்கேயே சாப்பாட்டு அறையில் ஒயின் ஊற்றுகிற வேலைக்கு உயர்ந்தான். இரண்டு வருஷம் கழித்து வாசலில் வந்து நின்றான், கையில் ஒரு பாட்டிலோடு. சின்னத் தோட்டம் ஒன்றில் விளைந்த சிவப்பு ஒயினாம், அந்த வருஷம் மொத்தமே சில நூறு பாட்டில்தான் போட்டார்களாம், முதலாளி இவன் மூக்கை மெச்சி ஒன்றைக் கொடுத்தாராம். இருபத்தைந்து முப்பது வருஷம் படுக்க வைத்தால்தான் அது அதுவாகுமாம். இவன் இருக்கும் அறையோ அடுப்படிக்கு மேலே, வெந்துபோகும்.

"உங்க குளிர் ரூம்ல ஒரு ஓரம் குடுங்க மாமா" என்று கேட்டான்.

கடைக்குப் பின்னால் மருந்து வைக்கிற குளிர் அறை ஒன்று உண்டு. பதிமூன்று டிகிரியில் இருக்கும், வெளிச்சம் வராது. என் வீட்டுக்காரர் அந்த பாட்டிலை இருகையாலும் வாங்கினார். கீழ்த்தட்டில் படுக்க வைத்தார். மருந்துக்கு ஒட்டுகிற அதே வெள்ளைச் சீட்டில் 'வெளிச்சம் படக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று எழுதி ஒட்டினார். 'காலாவதி தேதி' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, 'மாப்பிள்ளை சொல்லும்போது' என்று எழுதினார்.

அன்றிலிருந்து தம்பி வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். பாட்டிலைப் பார்க்க வருகிறேன் என்றுதான் சொல்லுவான். ஒரு ராத்திரி தங்குவான். மறுநாள் ஏழு மணி வண்டிக்குக் கிளம்பிவிடுவான். இன்னும் ஒரு நாள் இரு என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் நாள் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தாலே அவன் முகம் மாறுவது போல எனக்குத் தோன்றும். அதனால் வாயை மூடிக்கொண்டு ரொட்டி கட்டிக் கொடுத்து அனுப்புவேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் போன் செய்தான். "அக்கா, பாட்டில் தயார். சனிக்கிழமை வரேன். சாயங்காலம் திறந்து குடிச்சிட்டு ஞாயித்துக்கிழமை காலை வண்டிக்குக் கிளம்பிடறேன். மாமாகிட்ட சொல்லு, புதன்கிழமையே நிமிர்த்தி வெச்சிடணும். அடியில மண்டி இறங்கணும்."

எனக்குச் சந்தோஷமே இல்லை. அந்த பாட்டில் காலியானால் அவன் இங்கே வருவதற்கு இருந்த ஒரே சாக்கும் காலி. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தேதி தாண்டின சரக்கை ஒரு நாள்கூட நான் வெச்சதில்ல. தேதியே இல்லாத அந்த பாட்டில் ஒண்ணுதான் இத்தனை வருஷம் உறுத்திக்கிட்டிருக்கு. குடிச்சு முடிச்சிடுவோம்" என்றார். மனுஷருக்கு அவர் கவலை.

சனிக்கிழமை வந்தான். எப்போதும் ஒரு தோள்பையோடு வருகிறவன், இரண்டு பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தான். அதன் மேல் கயிறு கட்டி, ஷூ பாலிஷ் டப்பாவும் ஒரு தலையணையும். ஒரு ராத்திரிக்கு வருகிறவன் எதற்குத் தலையணை கொண்டு வருகிறான்? கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

அவனே சொன்னான். "ஹோட்டல்ல எங்க ரூமுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கறாங்க. சாமானை வெளியில வெக்க முடியாது. நாளைக்கு, என்கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் வீட்டுக்குப் போறேன்."

பெட்டிகளை மாடியறைக்குள் கொண்டு போகாமல் கதவோரமாகவே நிறுத்தி வைத்தான். அது என் மகளின் அறை. அவள் வேலைக்காக வெளியூர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

சாயங்காலம் மேசையில் வெள்ளைத் துணி விரித்தான். மூன்று கிளாஸ்களை அவனே கொண்டு வந்திருந்தான், ஒவ்வொன்றையும் ஆவியில் காட்டித் துடைத்தான். சட்டைக்கு மேல் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டான். தக்கை எடுக்கிற திருகாணியை ஒரு துணியில் வைத்தான். அவன் வேலை செய்கிற அழகை அதுவரை நான் பார்த்ததே இல்லை. கீழே போன என் வீட்டுக்காரர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்து, ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று ஏறி வந்தார்.

"புதன்கிழமை ஆறு மணியிலேருந்து நின்னுக்கிட்டிருக்கு மாப்ள. யாரும் தொடல. டிகிரி மாறல" என்று பெருமையாகச் சொன்னார்.

சொல்லிவிட்டு, கொடுப்பதற்கு முன்னால், மூன்று குலுக்கு குலுக்கினார். தலைகீழாக ஒரு கவிழ்ப்பு. பிறகு நீட்டினார்.

என் வீட்டுக்காரர் தன் கையைப் பார்த்தார். அது யாரோ மூன்றாம் மனுஷன் கை என்பது போலப் பார்த்தார்.

"மாமா" என்றான் தம்பி. பாட்டிலை வாங்கி விளக்குக்கு எதிரே பிடித்தான். அடியில் அடங்கிக் கிடந்ததெல்லாம் எழும்பி, புதுவெள்ளம் வந்த ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது உள்ளே.

"நம்மகிட்ட வடிதாள் இருக்கு" என்றார் இவர், குரல் எழும்பாமல். "சொட்டுச் சொட்டா வடிச்சுக் குடுத்திடறேன்."

"வாசனை எல்லாம் தாள்ல நின்னுடும் மாமா. இது ஒயினு, பரிசோதனைக்கு வந்த மூத்திரம் இல்ல." கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தான், பாதியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இப்படியே ஊத்தினா வாயெல்லாம் கசப்பா மண்ணு மாதிரி இருக்கும். திரும்ப நிமிர்த்தி வெக்கணும்."

"எவ்வளவு நேரத்துல தெளியும்?"

"ஒரு வாரம்."

நான் சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். என் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்போது யார் கண்ணிலும் படக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் எனக்கு எத்தனையோ வாங்கிக் கொடுத்திருக்கிறார், ஆனால் அன்றைக்குக் கொடுத்த அந்த மூன்று குலுக்குக்கு எதுவும் ஈடில்லை.

அந்த வாரம் நன்றாக இருந்தது. என் வீட்டுக்காரர் 'குலுக்காதே' என்று சிவப்பு மையில் எழுதி பாட்டிலின் மூன்று பக்கமும் ஒட்டினார், குளிர் அறைக்குள் போகும்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தம்பி இரண்டாம் நாளே கடைக்கு இறங்கி வந்துவிட்டான். சும்மா உட்காரத் தெரியாதாம். கண்ணாடி அலமாரிகளைத் துடைத்தான். பெரிய ஜாடியிலிருந்து சின்ன பாட்டிலுக்கு இருமல் மருந்து ஊற்றுகிற வேலையை எடுத்துக்கொண்டான். ஊற்றி முடிக்கும்போது மணிக்கட்டை லேசாக ஒரு திருப்புத் திருப்புவான், ஒரு சொட்டு வெளியே சிந்தாது. இவர் ஊற்றினால் மேசையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். எதிர்வீட்டுத் தையல்காரம்மா தனக்கு இருமலே இல்லாமல் இரண்டு தடவை வந்து வாங்கிப் போனாள்.

சாயங்காலம் மூன்று பேரும் போய் பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்போம். தெளிந்த பிறகு அதில் என்னென்ன வாசனை வரும் என்று தம்பி சொல்லுவான். பழைய தோல், காய்ந்த இலை, மழை விட்ட மண், புகையிலை.

"இதுல ஒண்ணு வந்தாலே நாங்க சரக்கைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிடுவோம்" என்பார் இவர்.

ஆனால் பெட்டிகள் கதவோரத்திலேயே நின்றன. தினமும் காலையில் ஒரு சட்டையை எடுப்பான், உடனே பூட்டுவான். புதன்கிழமை, அவன் குளிக்கப் போயிருந்தபோது, அந்த ஹோட்டல் நம்பருக்குப் போன் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மருந்து கொண்டு வருகிற வேன்காரர் அந்தப் பக்கமெல்லாம் போகிறவர், அவரைக் கேட்டேன். ஹோட்டலை மூடி இரண்டு மாதம் ஆகிறதாம், வேலை செய்தவர்கள் அறைகளைக்கூடக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

இவரிடம் சொன்னேன். "அப்ப இங்கேயே இருக்கட்டும். மேல் ரூம் சும்மாதானே கிடக்கு" என்றார்.

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொன்னா மாமா மரியாதைக்குச் சொல்றார்னு நினைப்பான். நீ கேட்டதை நீதான் திரும்ப எடுக்கணும்."

மருந்து விஷயம் தவிர மற்றதில் வாயைத் திறக்காத மனுஷர், திறந்தால் இப்படித்தான். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அது சரி. வியாழக்கிழமை முழுக்கச் சொல்லிப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. வெள்ளிக்கிழமை வேறு எதையோ பேசி அவனோடு சண்டை போட்டேன். அதற்குள் ஒயின் தெளிந்துவிட்டது. டார்ச் அடித்தால் பின்னால் இருக்கிற விரல் தெரிந்தது.

சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து கீழே இறங்கினேன். என்ன செய்யப் போனேன் என்பதை மறைப்பானேன். பாட்டிலைக் குலுக்கத்தான் போனேன். இன்னும் ஒரு வாரம் கிடைக்கும், அதற்குள் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. இவர் மேல் பழி விழும், விழட்டும், முப்பத்து மூன்று வருஷம் குலுக்கினவர்தானே.

குளிர் அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. தம்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றான், கையில் பாட்டில். தெளிந்ததா என்று பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் கொஞ்ச நேரம் அதை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு மூன்று குலுக்கு. தலைகீழாக ஒரு கவிழ்ப்பு. மாமா செய்கிற மாதிரியே. கைக்குட்டையால் பாட்டிலைத் துடைத்து, சீட்டு முன்பக்கம் தெரியும்படி திருப்பி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

நான் சத்தமில்லாமல் படியேறி வந்து மேல் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகையாக வந்தது. முப்பது வருஷம் ஒயினைக் கைக்குழந்தை மாதிரி தூக்கியவன், ஒரு சின்ன அசைவுகூடக் கூடாது என்று எங்களுக்கே சொன்னவன், தன் ஆயுசில் அவனுக்குக் கிடைத்த ஒரே பாட்டிலை இந்த வீட்டில் இன்னும் ஒரு வாரம் இருப்பதற்காகக் குலுக்குகிறான். இருக்கட்டுமா என்று வாய்விட்டுக் கேட்க அவனுக்கும் வரவில்லை. அந்தப் பிறவிக் குணம் எங்கிருந்து வந்தது என்று யாரைக் கேட்பது?

சாயங்காலம் மறுபடியும் வெள்ளைத் துணி, மூன்று கிளாஸ், கறுப்புக் கோட்டு. இந்தத் தடவை பாட்டிலைத் தம்பியே எடுத்து வந்தான். விளக்குக்கு எதிரே பிடித்தான். முகத்தைச் சுளித்தான். நன்றாகத்தான் நடித்தான்.

"இன்னும் தெளியல போலிருக்கே. எதனாலன்னு தெரியல. இன்னொரு வாரம் விட்டாத்தான்..."

"நேத்து தெளிஞ்சிருந்துதே" என்றார் இவர். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் தொடல மாப்ள. சத்தியமா தொடல." பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "காலையில கண் மருந்து எடுக்கப் போனேன். கை பின்னாலதான் இருந்துது. இருந்துதா? ஒருவேளை என்னை அறியாம..."

அறுபத்து மூன்று வயது மனுஷர், தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது சிவந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் அவனே உண்மையைச் சொல்லிவிடுவான், சொன்ன பிறகு இந்த வீட்டில் அவனால் நிற்க முடியாது. பெட்டிகள் வேறு கதவோரத்திலேயே தயாராக நிற்கின்றன.

"நான்தான் குலுக்கினேன்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீயா? எதுக்கு?" என்றார் இவர்.

"தெளிஞ்சா இவன் போயிடுவான். அதுக்குத்தான். விடிகாலையில போய்க் குலுக்கிட்டு வந்தேன்." நான் சொன்னது முழுப் பொய் இல்லை. அவன் முந்திக்கொண்டான், அவ்வளவுதான். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி உன்னை ஒரு கேள்வி கேட்டேன்டா. தூக்கமில்லாம, பால் பொங்கின எரிச்சல்ல கேட்டது. அதுக்குப் பதில் சொல்ற மாதிரி நீ ஒவ்வொரு தடவையும் மறுநாளே கிளம்பிப் போறே. எனக்கு அந்தப் பதில் வேண்டாம். அந்தக் கேள்வியை நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஹோட்டல் மூடினது எனக்குத் தெரியும். மேல் ரூம் உன்னுது. பாட்டில் இருந்தாலும் உன்னுது, காலியானாலும் உன்னுது."

தம்பி என்னையே பார்த்தான். நான் குலுக்கவில்லை என்பது அந்த அறையில் என்னைத் தவிர அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அது அவனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவன் திருகாணியை எடுத்தான்.

"திறந்திடலாம்கா" என்றான்.

"கலங்கியிருக்கே."

"இருக்கட்டும்."

தக்கை முக்கால் வரை முழுசாக வந்தது, கடைசித் துண்டு உதிர்ந்தது. இவர் அதை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். "ஈரம் காயல பாரு. பதிமூணு டிகிரி" என்றார். குலுக்கினது தான் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்துவிட்டது.

தம்பி ஊற்றினான். நடுவில் கறுஞ்சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம், உள்ளே தூசி மிதந்தது. நான் முகர்ந்தேன். ரொம்ப நாள் மூடிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. இதற்கா இருபத்தொன்பது வருஷம் என்று நினைத்தேன்.

"அவசரப்படாதே. அதுவும் இத்தனை வருஷம் மூச்சு விடாம இருந்திருக்கு" என்றான்.

கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மறுபடி முகர்ந்தால் அலமாரி வாசனை போய்விட்டது. கொதிக்கவைத்த பழத்தின் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் ஈர மண், பிறகு நிஜமாகவே புது மழையில் நனைந்த தோல்செருப்பு. வாயில் வைத்தேன். முதலில் நாக்கைப் பிடித்து இழுத்தது, மண்டியின் கசப்பு, பல்லிடுக்கில் நறநறவென்று. அதைத் தாண்டி ஒரு இனிப்பு இருந்தது, சர்க்கரை இல்லாத இனிப்பு, கோபமெல்லாம் வடிந்த ஆள் பேசுகிற மாதிரி மெதுவாக. விழுங்கிய பிறகும் அது போகவில்லை. இவர் நாடி பார்ப்பது போலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தஞ்சு செகண்ட் நிக்குது" என்றார் மரியாதையோடு. "என் கடையில எந்த மருந்தும் இவ்வளவு நேரம் நிக்காது."

தம்பி கிளாஸை மேசையில் வைத்தான். கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான். "முப்பது வருஷமா நின்னுக்கிட்டேதான் ருசி பார்த்திருக்கேன். ஒரு மடக்கு, அதையும் துப்பணும். உட்கார்ந்து ஒரு முழு கிளாஸ் குடிக்கறது இதுதான் முதல் தடவை" என்றான்.

"எப்படிடா இருக்கு?"

இன்னொரு மடக்கு குடித்தான். தொழிலில் அவன் பொய் சொல்ல மாட்டான். "தெளிவா இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான்.

"உனக்கு மூளை இருக்கா?" என்று இவர் என்னைப் பார்த்து ஆரம்பித்தார். "இருபத்தொன்பது வருஷம் நான் டிகிரி பார்த்துப் பார்த்து வெச்ச சரக்கு. அதைப் போய்..." விடாமல் அரைமணி நேரம் திட்டினார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தம்பி கடைசி மண்டியை என் கிளாஸில் ஊற்றி, மணிக்கட்டைத் திருப்பினான். துணியில் ஒரு சொட்டு விழவில்லை.

பாட்டில் காலியானதும் எழுந்தான். கதவோரம் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக அறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். பூட்டுகள் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் தலை மட்டும் வெளியே வந்தது.

"அக்கா, இந்த அலமாரிச் சாவி எங்க?"

"அதுலயேதான்டா தொங்குது. நல்லா பாரு" என்றேன்.